ஒரு லத்தீன் சொல்லைப் பின்தொடர்வது எப்படி: கௌசாவிலிருந்து ஷோஸ் வரை

பிரெஞ்சுச் சட்டமொழியில் 'ஷோஸ் ஜுஜே' என்று ஒரு தொடர் உண்டு. நீதிமன்றம் இறுதியாகத் தீர்த்துவிட்டதால் இனி வழக்காட முடியாத விவகாரம் என்று அதற்குப் பொருள். பிரெஞ்சுத் தீர்ப்புகளையும் ஒப்பந்தங்களையும் தமிழாக்குவது என் தொழில் என்பதால் இந்தத் தொடர் அடிக்கடி என் மேசைக்கு வரும். அதிலுள்ள 'ஷோஸ்' பிரெஞ்சின் மிகச் சாதாரணமான சொற்களில் ஒன்று. பொருள், சங்கதி, ஏதோ ஒன்று என்று எதற்கும் அதுதான். அதே தீர்ப்பில் இரண்டு வரி தள்ளி 'கோஸ்' என்ற சொல் நிற்கும். அதற்குக் காரணம், வழக்கு என்று பொருள். பார்வைக்கும் செவிக்கும் வேறுவேறான இந்த இரண்டும் 'கௌசா' என்ற ஒரே லத்தீன் சொல்லிலிருந்து பிறந்தவை.

ஐரோப்பிய மொழிகளின் சொற்பிறப்பைக் கற்க விரும்புகிறவர்களுக்கு நான் முதலில் கொடுக்கும் சொல் இதுதான். கற்க வேண்டியவை எல்லாம் இந்த ஒன்றிலேயே கிடைக்கின்றன: ஒலி மாறும் ஒழுங்கு, பொருள் நகரும் வழி, ஒரே சொல் இருமுறை நுழைவது, எல்லை தாண்டிக் கடன் போவது, உறவைப் போலத் தோன்றி ஏமாற்றும் அந்நியச் சொற்கள். இதை ஒருமுறை முழுமையாகப் பின்தொடர்ந்தவருக்கு அடுத்த சொல்லுக்கு ஆசிரியர் தேவைப்படாது.

எழுதும் முறை பற்றி ஒரு குறிப்பு. அயற்சொற்களை உச்சரிப்பை ஒட்டித் தமிழில் எழுதுகிறேன். ஆங்கில 'ஸூ' என்பதில் வரும் அதிரும் ஒலி முக்கியமாகும் இடத்தில் மட்டும் ஃஸ என்று ஆய்தம் சேர்க்கிறேன். லத்தீனின் 'அ-உ' கூட்டொலிக்கு நம் ஔகாரம் மிகச் சரியாகப் பொருந்துகிறது. கதையின் பாதி அந்த ஓர் எழுத்தில்தான் நடக்கிறது.

தாளில் ஐந்து பத்தி

ஒரு பெரிய தாளை எடுத்து ஐந்து பத்திகளாகக் கோடு போடுங்கள். மொழி, இன்றைய வடிவம், இன்றைய பொருள், கிடைக்கும் மிகப் பழைய சான்று, நுழைந்த வழி. கடைசிப் பத்தியை எப்போதும் பென்சிலால் நிரப்புங்கள். ஒலியும் பொருளும் இரண்டும் ஒத்துவந்த பிறகுதான் அங்கே பேனா தொடலாம். கணினி அட்டவணையிலும் இதைச் செய்யலாம். ஆனால் எல்லா மொழிகளையும் ஒரே பார்வையில் பார்க்கத் தாள்தான் வசதி என்பது என் அனுபவம்.

பலர் இன்றைய மொழிகளிலிருந்து பின்னோக்கிப் போகத் தொடங்குகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. முதலில் லத்தீனில் கால் ஊன்றுங்கள். லூயிஸ்–ஷார்ட் தொகுத்த 1879ஆம் ஆண்டு லத்தீன் அகராதி இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் 'கௌசா' பதிவை முதல் வரியோடு நிறுத்தாமல் முழுவதும் படியுங்கள். காரணம் என்ற பொருள் முதலில் வரும். அதற்கடுத்து சாக்கு, பிறகு நீதிமன்ற வழக்கு, ஒரு தரப்பின் நியாயம், ஒருவர் இருக்கும் நிலைமை என்று விரிந்துகொண்டே போகும். 'கௌசாம் தீகெரே' என்றால் தன் வழக்கை எடுத்துரைப்பது. கூடவே இன்னொரு பயன்பாட்டையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆறாம் வேற்றுமைச் சொல்லுக்குப் பின்னால் நிற்கும்போது இது 'பொருட்டு' ஆகிவிடுகிறது. பல்கலைக்கழகங்கள் கௌரவப் பட்டம் வழங்கும்போது சொல்லும் 'ஹொனோரிஸ் கௌசா' என்பது மதிப்பின் பொருட்டு என்பதுதான். தமிழிலும் 'பொருள்' என்பதன் அடியாகவே 'பொருட்டு' வந்திருக்கிறது என்பதை நினைத்துப் பாருங்கள். பொருளுக்கும் பொருட்டுக்கும் இடையிலான அந்தப் பாதையில் லத்தீன்காரர்களும் நடந்திருக்கிறார்கள்.

லத்தீனுக்குள்ளேயே ஒரு துப்பு ஒளிந்திருக்கிறது. பழைய லத்தீனில் இரண்டு உயிர்களுக்கு நடுவே வந்த 'ஸ' எல்லாம் 'ர' ஆகிவிட்டது. பூவைக் குறிக்கும் 'ஃப்ளோஸ்', வேற்றுமை ஏற்றால் 'ஃப்ளோரிஸ்' ஆவது அதனால்தான். அப்படியானால் 'கௌசா' ஏன் 'கௌரா' ஆகவில்லை? முதல் நூற்றாண்டில் பேச்சுக்கலை கற்பித்த குவின்டிலியன் விடையை விட்டுச் சென்றிருக்கிறார். ரோமானியப் பேச்சாளர் சிசரோவின் காலத்தில் இந்தச் சொல்லை இரண்டு எஸ் போட்டு 'கௌஸ்ஸா' என்று எழுதினார்கள் என்கிறார். இரட்டித்த ஒலி அந்த மாற்றத்துக்குத் தப்பியது; பிறகு மெல்லத் தேய்ந்து ஒற்றை ஆனது. ஒரு சொல் விதியை மீறியதாகத் தெரிந்தால் உடனே விதிவிலக்கு என்று எழுதிவிடாதீர்கள். அதன் பழைய எழுத்துமுறையைத் தேடுங்கள்.

அதற்கு முந்தைய வேர் எது என்பது பற்றி ஆய்வாளர்களிடம் உறுதியான விடை இல்லை. ஆகவே நம் தாள் லத்தீனில் தொடங்குகிறது, அவ்வளவுதான். எதையாவது பிடித்துச் சமஸ்கிருதம் வரை இழுத்துக்கொண்டு போகும் ஆசை வரும். அதற்கு இடம் கொடுக்க வேண்டாம்.

ஒலிதான் முதல் சோதனை

இப்போது மொழிகளை எழுதுங்கள். இத்தாலியம் கோசா, ஸ்பானியம் கோசா, போர்த்துகீசியம் கோய்சா, பிரெஞ்சு ஷோஸ், தென்பிரான்சில் பேசப்படும் ஒக்சிதானியம் கௌசா. அனைத்துக்கும் பொருள், சங்கதி என்றே அர்த்தம். இவை ஒரே தாயின் பிள்ளைகள் என்று எப்படி நிரூபிப்பது? முகச்சாயல் சான்றாகாது. அதே ஒலியுள்ள வேறு லத்தீன் சொற்கள் அதே மொழியில் அதே மாதிரி மாறியிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். இந்தத் துறைக்கே அடித்தளம் இதுதான்.

'ஔ'வை எடுத்துக்கொள்ளுங்கள். தங்கத்துக்கு லத்தீன் 'ஔரும்'. இத்தாலியத்திலும் ஸ்பானியத்திலும் அது 'ஓரோ', பிரெஞ்சில் 'ஓர்', போர்த்துகீசியத்தில் 'ஓவ்ரு', ஒக்சிதானியத்தில் 'ஔர்'. கௌசாவைப் பக்கத்தில் வையுங்கள். ஓரோ என்ற இடத்தில் கோசா. ஔர் என்ற இடத்தில் கௌசா. ஒவ்வொரு மொழியும் தன் வாக்கைக் காப்பாற்றியிருக்கிறது. போர்த்துகீசியம் மட்டும் 'கோவ்சா' என்று இருக்க வேண்டியது 'கோய்சா' என்று நிற்கிறதே என்று கேட்பீர்கள். பழைய வடிவம் கோவ்சாதான். 16ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியக் கவிஞர் கமோயின்ஸ் அப்படித்தான் எழுதினார். தங்கமும் அம்மொழியில் ஓவ்ரு, ஓய்ரு என்று இரண்டு விதமாகவும் வழங்கியிருக்கிறது. ஓவ் என்பது ஓய் ஆகும் பழக்கம் அந்த மொழிக்கே உரியது.

இந்த ஔ–ஓ தடுமாற்றம் ரோமாபுரியிலேயே தொடங்கிவிட்டது. பேரரசர் வெஸ்பாசியன் வண்டிக்கு 'ப்ளோஸ்த்ரா' என்று பேச்சுவழக்கில் சொன்னாராம். 'ப்ளௌஸ்த்ரா' என்பதே சரி என்று மெஸ்த்ரியுஸ் ஃப்ளோருஸ் என்ற பிரமுகர் திருத்தினார். மறுநாள் அரசர் அவரை 'வாரும் ஃப்ளௌருஸ்' என்று வரவேற்றார். ரோமானிய வரலாற்றாசிரியர் சுவெத்தோனியுஸ் எழுதிவைத்த இந்தச் செய்தியை நான் மாணவர்களிடம் சொல்லாமல் விடுவதில்லை. 1ஆம் நூற்றாண்டு ரோமில் தெருவின் நாக்கும் படித்தவர் நாக்கும் எங்கே பிரிந்தன என்பதை இவ்வளவு துல்லியமாகக் காட்டும் இடங்கள் அதிகம் இல்லை.

இனி பிரெஞ்சுக்கு வாருங்கள். இங்கே முதல் எழுத்தும் மாறியிருக்கிறது: 'க' போய் 'ஷ' வந்திருக்கிறது. லத்தீனில் அகர ஒலிக்கு முன்னால் நின்ற ககரம் பிரெஞ்சில் இன்று ஷகரம். பாடுவதற்கு லத்தீன் 'கந்தாரே', பிரெஞ்சு 'ஷான்டே'. குதிரைக்குக் 'கபல்லுஸ்', 'ஷெவால்'. அன்புக்குரியவருக்குக் 'காருஸ்', 'ஷேர்'. ஆனால் ஓகாரத்துக்கு முன்னால் நின்ற ககரம் மாறாது. ஷோஸ் என்ற சொல்லில் இருப்பதோ ஓகாரம்! அப்படியிருக்க ககரம் எப்படி மாறியது?

இந்த இடத்தில் நிதானமாக நில்லுங்கள். இந்தச் சொல்லின் மிக அழகான பகுதி இதுதான். ககரம் ஷகரத்தை நோக்கி நகரத் தொடங்கிய காலத்தில் வடபிரெஞ்சு நிலத்தார் இன்னும் 'கௌ' என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். 'கௌ' என்பதில் ககரத்துக்கு அடுத்து ஒலிப்பது அகரம்தானே? ஆகவே ககரம் மாறியது. அதன் பிறகுதான் ஔ சுருங்கி ஓ ஆனது. வரிசை தலைகீழாக இருந்திருந்தால் இன்று அவர்கள் 'கோஸ்' என்றே சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

இதற்கு எதிர்ச்சான்றும் உண்டு. வாலுக்கு லத்தீன் 'கௌதா'. ஆனால் அந்தச் சொல்லைப் பொதுமக்கள் பழங்காலத்திலேயே 'கோதா' ஆக்கிவிட்டார்கள். ககர மாற்றம் வந்தபோது அங்கே அகரம் இல்லை, ஓகாரம் இருந்தது. அதனால் ககரம் தப்பிப் பிழைத்தது. பிரெஞ்சில் வாலையும் வரிசையையும் குறிக்கும் சொல் இதிலிருந்து வந்தது. ஆங்கிலம் வழியாக நமக்கும் தெரிந்த 'கியூ' அதுவே. கௌசா, கௌதா என்று அண்ணன் தம்பி போல் இருந்த இரண்டு சொற்கள், ஔ எப்போது சுருங்கியது என்ற ஒரே வேறுபாட்டால் ஷோஸ் என்றும் கியூ என்றும் பிரிந்தன. எழுதப்படாத காலத்து மாற்றங்களில் எது முந்தியது, எது பிந்தியது என்று இரண்டு சொற்களை வைத்துச் சொல்லிவிட முடிகிறது. இதைப் புரிந்துகொண்ட நாளில்தான் எனக்குச் சொற்பிறப்பு என்பது ஊகம் அல்ல, கணக்கு என்று உறைத்தது.

உங்கள் தாளில் ஒவ்வொரு வடிவத்துக்கும் இப்படி இரண்டு துணைச் சொற்களையாவது எழுதுங்கள். ஒரே துணைச் சொல் தற்செயலாக இருக்கலாம்.

இருமுறை நுழைந்த சொல்

பிரெஞ்சில் ஷோஸ் இருக்கும்போதே கோஸ் எப்படி வந்தது? இடைக்காலத்தில் லத்தீன் படித்த எழுத்தர்களும் வழக்கறிஞர்களும் ஏட்டிலிருந்து அதை மீண்டும் எடுத்துக்கொண்டார்கள். வாய்வழி வந்தது தேய்ந்திருக்கும். ஏட்டுவழி வந்தது மெருகு குலையாமல் இருக்கும். ஸ்பானியத்திலும் இத்தாலியத்திலும் கோசாவுக்குப் பக்கத்தில் கௌசா, போர்த்துகீசியத்தில் கோய்சாவுக்குப் பக்கத்தில் கௌசா, எல்லாம் இந்த வகைதான். வாய்வழிச் சொல்லுக்குப் பொருள், சங்கதி என்றும் ஏட்டுவழிச் சொல்லுக்குக் காரணம், வழக்கு என்றும் வேலை பிரிந்துவிட்டது. வழக்கில் வென்றால் பிரெஞ்சில் 'கேன் த கோஸ்' என்பார்கள். அங்கே ஷோஸ் என்ற சொல்லைப் போட முடியாது.

ஔ அப்படியே இருந்தால் ஏட்டுவழி என்று அவசரமாக விதி எழுதிவிடாதீர்கள். ஒக்சிதானியத்தில் வாய்வழிச் சொல்லே கௌசாதான். அந்த மொழி ஔவைச் சுருக்கவே இல்லை. ருமேனியமும் ஔவைக் காக்கும் மொழி; அங்கும் தங்கம் 'ஔர்'. ஆனால் காரணத்துக்கு அவர்கள் சொல்லும் 'கௌஃஸ' வாய்வழிச் சொல் அல்ல. எப்படித் தெரியும்? நடுவிலுள்ள ஒலியைப் பாருங்கள். வீட்டுக்கு லத்தீன் 'காசா', ருமேனியம் 'காச'. உயிர்களுக்கு நடுவே வந்த ஸகரம் அதிராமல் அப்படியே நிற்கிறது. கௌஃஸ என்பதில் அதிர்கிறது. அது பிற்காலத்தில் ஏட்டு லத்தீனையும் பிரெஞ்சையும் ஒட்டி வந்த வரவு. சோதிக்கும் ஒலி மொழிக்கு மொழி வேறு.

பொருள் நகர்ந்த பாதை

வழக்கு எப்படிப் பொருள் ஆகும்? 'காலப்போக்கில் விரிந்தது' என்று எழுதிக் கடந்துபோகிறவர்கள் உண்டு. அது விளக்கம் ஆகாது. இடையில் நிற்கும் படிகளைக் காட்ட வேண்டும்: மன்றத்தில் விவாதிக்கப்படும் வழக்கு, அதனால் பேச்சுக்குரிய விவகாரம், அதனால் எந்த விவகாரமும், கடைசியில் எந்தப் பொருளும். படிகளை ஊகிப்பது எளிது. ஏட்டில் காட்டுவதுதான் வேலை.

அதற்கு ஓர் ஒப்பற்ற பக்கம் இருக்கிறது. 842ஆம் ஆண்டு பிப்ரவரி 14ஆம் நாள் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் பிராங்கியப் பேரரசர் சார்லமேனின் பேரன்கள் இருவர், தங்கள் மூத்த சகோதரன் லொத்தாருக்கு எதிராகக் கூட்டுச் சேர்ந்து உறுதிமொழி எடுத்தார்கள். எதிரே நின்ற தம்பியின் படைக்குப் புரிய வேண்டும் என்பதற்காக ஜெர்மானிய லூயி, லத்தீனிலிருந்து பிறந்த பேச்சுமொழியான ரோமான்சு மொழியில் சொன்னார். வழுக்கைத் தலைச் சார்ல்ஸ் ஜெர்மானிய மொழியில் சொன்னார். அவர்களின் உறவினரான நித்தார்டு இரண்டையும் சொல்லுக்குச் சொல் எழுதிவைத்தார். அவர் நூலின் பழைய படி பாரிஸ் தேசிய நூலகத்தில் லத்தீன் 9768 என்ற எண்ணில் இருக்கிறது. அந்த நூலகத்தின் கலிக்கா இணையதளத்தில் ஏட்டையே பார்க்கலாம். ரோமான்சு மொழியில் நமக்குக் கிடைத்த மிகப் பழைய முழு வாசகங்களில் ஒன்று இது.

லூயியின் வாசகத்தில் 'இன் கதுனா கோசா' என்று வருகிறது. 'ஒவ்வொரு விஷயத்திலும்' என் தம்பிக்குத் துணை நிற்பேன் என்று பொருள். ஆக, 842இல் வழக்கு என்ற வாசம் போய்விட்டது. கோசா வெறும் விஷயம் ஆகிவிட்டது. இப்போது அதே பக்கத்தில் சார்ல்ஸ் சொன்ன ஜெர்மானிய வாசகத்துக்கு வாருங்கள். லொத்தாருடன் எந்த 'திங்' என்பதற்குள்ளும் போகமாட்டேன் என்கிறார். ரோமான்சு வாசகத்தில் அந்த இடத்தில் நிற்பது 'ப்ளெய்த்', அதாவது உடன்படிக்கை. ஆங்கிலத்தின் 'ப்ளீட்' அதன் வழிவந்தது. எனவே அங்கே 'திங்' என்பது பொருள் அல்ல, உடன்பாடு, பேச்சுவார்த்தை.

யோசித்துப் பாருங்கள். இன்றைய ஆங்கிலத்தில் பொருளைக் குறிக்கும் 'திங்' என்ற சொல்லின் உறவு, அன்று இன்னும் கூடிப் பேசும் மன்றத்தின் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தது. பழைய ஜெர்மானியர்களுக்குத் 'திங்' என்றால் குடிகள் கூடி வழக்குத் தீர்க்கும் அவை. ஐஸ்லாந்தில் 930ஆம் ஆண்டு தொடங்கிய 'அல்திங்கி', டென்மார்க்கின் நாடாளுமன்றமான 'ஃபோல்கெடிங்', நார்வேயின் 'ஸ்டோர்டிங்' எல்லாவற்றிலும் அந்த அவை இன்னும் இருக்கிறது. அவையில் பேசப்படும் விவகாரம் என்றாகி, பிறகு எந்தப் பொருளும் ஆனது. கௌசா போன பாதை இதுவேதான். ஜெர்மனில் பொருளுக்கு வழங்கும் இன்னொரு சொல் 'ஸாஹெ'. அதுவும் முதலில் சச்சரவு, வழக்கு. அதன் ஆங்கில உடன்பிறப்பு 'சேக்' இன்று 'பொருட்டு' என்ற பொருளில் மட்டும் பிழைத்திருக்கிறது. ஹொனோரிஸ் கௌசாவில் கௌசா செய்யும் அதே வேலை.

ஒரு பொருள் மாற்றம் சரியா என்று ஐயம் வந்தால் இதுதான் சோதனை. உறவில்லாத இன்னொரு மொழிக்குடும்பத்தில் அல்லது கிளையில் அதே பாதையில் வேறொரு சொல் போயிருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் உங்கள் ஊகத்துக்குத் தூண் கிடைத்துவிட்டது.

9ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதப்பட்ட புனித யூலாலியாவின் பிரெஞ்சுப் பாடலையும் பாருங்கள். அந்தக் கன்னியை எந்தப் பொருளாலும் வளைக்க முடியவில்லை என்ற வரியில் 'கோஸெ' என்று இருக்கிறது, ஷகரம் இல்லை. அந்த ஏடு பிரான்சின் வடக்கே வலென்சியென் நகரில் உள்ளது. நார்மண்டி, பிக்கார்டிப் பகுதிப் பேச்சில் ககரம் ஷகரமாக மாறவில்லை. ஆங்கிலத்தில் கால்நடைக்குக் 'கேட்டில்', அசையும் சொத்துக்குச் 'சேட்டல்' என்று ஒரே லத்தீன் சொல்லின் இரண்டு வடிவங்கள் இருப்பதற்கும் இந்தப் பிரிவே காரணம். முன்னது நார்மண்டி வழி, பின்னது பாரிஸ் பக்கத்து வழி.

இடம் இழந்த சொல்

ஒரு சொல் பரவினால் இன்னொரு சொல் இடம் இழந்திருக்கும். அதையும் தேடாமல் தாளை மூடாதீர்கள். பொருளுக்கு லத்தீனின் சொந்தச் சொல் 'ரேஸ்'. குடியரசைக் குறிக்கும் 'ரேஸ் பூப்ளிகா' தெரிந்ததுதான். கௌசா வந்து அமர்ந்ததும் ரேஸ் எங்கே போனது? பிரெஞ்சில் அதன் இரண்டாம் வேற்றுமை வடிவமான 'ரெம்', 'ரியென்' ஆனது. பழைய பிரெஞ்சில் அதற்கும் பொருள் என்றே அர்த்தம். எதிர்மறை வாக்கியங்களிலேயே புழங்கிப் புழங்கி இன்று 'ஒன்றுமில்லை' ஆகிவிட்டது. கத்தலானில் 'ரெஸ்' என்றாலே ஒன்றுமில்லை. ஸ்பானியத்தின் 'நாதா'வும் அப்படித்தான். 'ரேஸ் நாட்டா', பிறந்த பொருள் என்ற தொடரில் ரேஸ் உதிர்ந்து நாட்டா மட்டும் தங்கி, இல்லாமையைக் குறிக்கிறது.

ருமேனியம் வேறு வழி போனது. அங்கே பொருள் 'லுக்ரு'. ஆதாயம் என்ற பொருளுள்ள லத்தீன் 'லுக்ரும்' அதன் மூலம்.

எல்லை தாண்டியவை

ஆங்கிலம் 13ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சிலிருந்து 'காஸ்' என்று கடன் பெற்றது. 'பை காஸ்' என்ற இரண்டு சொற்கள் ஒட்டி அடுத்த நூற்றாண்டில் 'பிகாஸ்' ஆயின. 'அக்யூஸ்', 'எக்ஸ்க்யூஸ்', 'ரெக்யூஸ்' மூன்றிலும் கௌசா மறைந்திருக்கிறது. ஔ எங்கே என்றால், லத்தீனிலேயே முன்னொட்டுச் சேர்ந்தால் ஔ நெடில் ஊ ஆகிவிடும். மூடுவதற்குக் 'க்லௌதோ', முன்னொட்டுச் சேர்ந்தால் 'இன்க்லூதோ'. அதேபோல் கௌசாவிலிருந்து 'அக்கூசோ'. குற்றம் சாட்டுவது என்பது ஒருவரை வழக்குக்குள் இழுப்பது; எக்ஸ்க்யூஸ் என்பது வழக்கிலிருந்து வெளியே எடுப்பது.

ஷோஸும் ஆங்கிலத்துக்குள் போயிருக்கிறது. வழக்குப் போட்டே பெறத்தக்க உரிமையைச் சட்டநூல்கள் 'ஷோஸ் இன் ஆக்‌ஷன்' என்கின்றன. சமையலறை வழியாகவும் நுழைந்தது: பிரெஞ்சில் 'ஏதோ ஒன்று' என்பதற்குக் 'கெல்க ஷோஸ்'. ஆங்கிலேயர் வாயில் அது 'கிக்ஷாஸ்' ஆகி, அலங்காரமான சிறு பண்டத்தைக் குறித்தது, ஷேக்ஸ்பியரில் காணலாம். கடைசி எஸ்ஸைப் பன்மை என்று நினைத்து வெட்டியதில் 'கிக்ஷா' என்ற ஒருமையும் பிறந்தது.

ஜெர்மன் வழிதான் எனக்கு மிகவும் பிடித்தது. மிகப் பழைய ஜெர்மனில் 'கோசோன்' என்றால் பேசுவது, வாதாடுவது. கௌசாவையும் வழக்காடுவதைக் குறிக்கும் லத்தீன் வினையையும் ஒட்டி வந்த கடன். அன்பாகப் பேசுவது என்று 'லீப்' சேர்த்தார்கள். பேச்சு கொஞ்சலாகி, கொஞ்சல் தொடுதலாகி, இன்று 'லீப்கோசென்' என்றால் அன்புடன் வருடுவது. நீதிமன்றத்தில் தொடங்கிய சொல் அணைப்பில் வந்து நிற்கிறது. பிரெஞ்சில் அரட்டையடிப்பதைக் குறிக்கும் 'கோஸே' என்ற வினையும் அதே லத்தீன் வினையின் வழியே வந்தது என்பதை அறிந்தால் இந்தப் பாதையில் ஐயம் இருக்காது.

கணிதத்திலும் ஒரு கிளை உண்டு. அறியப்படாத எண்ணை அரபுக் கணிதர்கள் 'ஷய்', அதாவது பொருள் என்றார்கள். இத்தாலியக் கணக்கர்கள் அதைக் கோசா என்று பெயர்த்தார்கள். அது ஜெர்மனுக்குப் போய் 'கொஸ்' ஆகி, இயற்கணிதத்துக்கே பெயரானது. கிறிஸ்டோஃப் ருடால்ஃப் 1525இல் எழுதிய இயற்கணித நூல் அந்தப் பெயராலேயே அறியப்படுகிறது. சமக்குறியை அறிமுகப்படுத்திய ராபர்ட் ரெக்கார்டு 1557இல் தன் நூலுக்கு 'அறிவின் சாணைக்கல்' என்ற பொருள் வரும்படி பெயரிட்டார். லத்தீனில் 'கோஸ்' என்றால் சாணைக்கல்; இயற்கணிதத்தின் 'கொஸ்' என்ற பெயரோடு அது சிலேடை.

போலி உறவுகள்

இத்தாலியத்தில் காசா, காசோ, கோசா, கௌசா என்று நான்கு சொற்கள் உண்டு. வீடு, நிகழ்வு, பொருள், காரணம். கடைசி இரண்டு மட்டுமே உறவு. காசா குடிசையைக் குறித்த தனிச்சொல். காசோ, 'விழு' என்ற வினையிலிருந்து வந்த 'காசுஸ்'. ஆங்கிலத்தின் 'கேஸ்' இந்தக் காசுஸ் வழியில் வந்தது. நீதிமன்றத்தில் கேஸும் காஸும் அருகருகே புழங்குவதால் இரண்டையும் ஒன்றாக எழுதுகிறவர்கள் ஏராளம். பொருள் ஒத்துப்போவதால் மட்டும் உறவாகிவிடாது.

'காஸ்வே' இன்னும் பெரிய பொறி. நீர்நிலையைக் கடக்கும் உயர்த்திய பாதைக்கு ஆங்கிலப் பெயர் அது. அதில் காஸ் இல்லை. பிரெஞ்சின் 'ஷோசே', அதற்கு முன் லத்தீனில் சுண்ணாம்புக் கல்லைக் குறிக்கும் 'கால்க்ஸ்' என்று போகும். 'வே' பிறகு ஒட்டவைத்தது.

இத்தகையவற்றைத் தாளின் அடியில் தனியே எழுதுங்கள். இவற்றை ஏன் விலக்கினோம் என்ற காரணம், சேர்த்தவற்றின் சான்றைப் போலவே பயன்படும்.

அடுத்ததாக 'ரட்டியோ' என்ற லத்தீன் சொல்லை எடுத்துச் செய்துபாருங்கள். கணக்கு, முறை, அறிவு என்று அதற்குப் பல பொருள். எழுவாய் வடிவத்திலிருந்து தொடங்காமல் 'ரட்டியோனெம்' என்ற இரண்டாம் வேற்றுமை வடிவத்திலிருந்து தொடங்குங்கள். ரோமான்சு மொழிகளின் பெயர்ச்சொற்கள் பெரும்பாலும் அதிலிருந்தே வந்தவை. பிரெஞ்சு ரேஸோன், ஸ்பானியம் ரசோன், இத்தாலியம் ராஜோனே என்று மூன்றை எழுதியதும் ஆங்கிலத்தில் ரீஸன், ரேஷன், ரேஷியோ என்று மூன்று வரவுகள் காத்திருக்கும். எது வாய்வழிப் பிரெஞ்சின் கடன், எது ஏட்டுவழிப் பிரெஞ்சு, எது நேர் லத்தீன் என்று பென்சிலால் குறியுங்கள். 'ரேட்' என்ற சொல்லையும் பக்கத்தில் வைத்து, அது இவற்றோடு எந்த இடத்தில் சேர்கிறது என்று நீங்களே ஒரு முடிவு எழுதிய பிறகு அகராதியைத் திறங்கள்.